பாதி வெளிச்சத்தில் விரிந்த பவளம்

இன்று மாலை ஒரு காலி டப்பாவோடு பாகலூர் ரோட்டில் இருக்கும் சவிதா அக்கா வீட்டுக்குப் போனேன்.

என் கடல்நீர் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்ப்பது உங்களுக்குத் தெரியும். நிறம் இன்னும் தூக்கலாக வரும் என்று புது எல்இடி லைட் வாங்கி, முழு அளவில் எரியவிட்டேன். பச்சையாக இருந்த பவளம் சுருங்கி, வெளுத்துப் போய்விட்டது.

அதே பவளத்தில் ஒரு துண்டு முன்பே அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். அதில் கொஞ்சம் திருப்பிக் கேட்கத்தான் போனேன்.

அவர் வீட்டு ஹாலில் அது பச்சைப்பசேலென்று விரிந்து, தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன லைட்டுக்கா இது?"

"உன்னோட அதே லைட்தான் தம்பி. பாதிகூட வெக்கறதில்ல. எங்க வீட்டுக்காரரு நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து பகல்ல இங்கதான் தூங்கறாரு. கண்ணு கூசுதுன்னாரு, கொறச்சிட்டேன்."

என் தொட்டியின் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"சாகலப்பா. சதை இன்னும் இருக்கு பாரு. இப்ப நான் குடுத்தாலும் அந்த வெளிச்சத்துல இதுவும் வெளுத்துடும். மொதல்ல அதக் கொற, அப்புறம் வா."

டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து லைட்டைக் குறைத்தேன்.

பவளம் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே தொட்டியில் பல நாளாகக் கல்லிடுக்கைவிட்டு வராத மீன் மெதுவாக வெளியே வந்து சுற்றுகிறது. அதற்கும் கூசியிருக்கிறது; எனக்குத்தான் தெரியவில்லை.

அக்கறையில் எதையாவது இப்படி வாட்டியவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள். தனியாக அசடு வழிய ஒரு மாதிரி இருக்கிறது.