நாகப்பன் கொடுத்த கறுப்பு வண்டி

என் கார் ஒருவழியாக வீடு வந்து சேர்ந்துவிட்டது, போன வெள்ளிக்கிழமை. பம்பாயிலிருந்து ஒரு ஸ்பேர் பார்ட் வருவதற்கு நாற்பது நாள்!

"அத்தனை நாளும் கார் இல்லாமல் எப்படி சார் சமாளித்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். சமாளித்த லட்சணத்தைச் சொல்கிறேன்.

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்ட அன்று மெக்கானிக் நாகப்பன் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார். "உங்க வண்டி ரெடியாகிற வரைக்கும் நம்ம வண்டிய எடுத்துக்கினு போங்க சார். சும்மாத்தான் நின்னுக்கினு இருக்குது" என்று சாவியைக் கையில் திணித்தார்.

பெரிய கறுப்பு வண்டி. பழசு. பின் சீட்டைக் கழற்றிவிட்டு நீளமாக ஒரு பலகை போட்டிருந்தது. சாமான் ஏற்ற என்று நினைத்தேன். உள்ளே ஊதுவத்தி வாசனை வேறு... நாகப்பன் நல்ல பக்திமான் என்று நினைத்துக்கொண்டேன்.

காஞ்சிபுரம் பிறந்த ஊர்தான். ஆனாலும் இருபது வருஷம் பட்டணத்தில் வக்கீல் தொழில் பார்த்துவிட்டு இந்த வருஷம்தான் திரும்பியிருக்கிறேன். ஊருக்கு என்னை ஞாபகம் இருக்குமா என்று ஒரு சந்தேகம். அந்தக் காரை எடுத்த மறுநாளே சந்தேகம் தீர்ந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்கிறார்கள்! தோளில் கிடந்த துண்டு கைக்கு இறங்குகிறது! ஒருவர் கும்பிடே போட்டார். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை இத்தனை பேர் படிக்கிறார்களா? மனைவியிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

ஆறுமுகம் என்னோடு ஐந்தாவது வரை படித்தவர். பட்டு நெசவு. வயிற்றில் கட்டி என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். துணைக்கு அவர் தம்பி. மனைவி தனம் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இங்கே தவித்துக்கொண்டிருந்தார். கோர்ட் வேலையாக ரயிலில் பட்டணம் போன நான் ஆஸ்பத்திரிக்கும் போனேன். மனிதர் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கேன்னு தனத்துகிட்ட சொல்லிடுப்பா. அது பயந்துக்கினு கெடக்கும்" என்றார்.

மறுநாள் காலை நல்ல சேதியோடு அவர்கள் தெருவுக்குள் காரை விட்டேன். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். நான் போகப் போக வீடு வீடாக அது நின்றுகொண்டே வந்தது. ஆறுமுகம் வீட்டு வாசலில் பிரேக் போட்டபோது தெருவே கப்சிப்.

தனம் வெளியே வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்கதவைத் திறந்தார். வெறும் பலகையைப் பார்த்தார்.

"எங்கய்யா அவரு? எங்க வுட்டுட்டு வந்தீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "பட்டணத்துலேர்ந்து பொணம் கொண்டார்ற வண்டி இதுதான் வக்கீலய்யா. ஊருக்கே தெரியும். எத்தினி மணிக்கு வருதுன்னு சொன்னீங்கன்னா ஆக வேண்டியதப் பார்ப்போம்."

துண்டு இறங்கியது யாருக்காக என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கப்படக்கூட நேரமில்லை.

"ஐயையோ! நல்லாத்தாம்மா இருக்காரு! நேத்து இட்லி சாப்பிட்டாரு... என்கூடப் பேசினாரு!" என்று கத்தினேன்.

அவ்வளவுதான். தனம் தெரு மண்ணிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "எங்கப்பாவக் கொண்டாந்த அன்னிக்கும் இதேதான்யா சொன்னாங்க! காபி குடிச்சாரு, பேசினாருன்னு!"

யோசித்துப் பாருங்கள். சாவுச் செய்தி கொண்டுபோகிற நம்மில் யாராவது எடுத்த எடுப்பில் அதைச் சொல்கிறோமா? 'நல்லாத்தான் இருக்கார், உங்களைப் பார்க்கணுமாம்' என்றுதானே ஆரம்பிக்கிறோம்? கெட்ட செய்திக்கு எப்போதும் நல்ல செய்தியின் சட்டையை மாட்டியே அனுப்புகிறோம். நிஜமாகவே ஒரு நல்ல செய்தி வந்தால், பாவம், அது எதைப் போட்டுக்கொண்டு வரும்?

நான் சத்தியம் செய்யச் செய்ய அழுகை கூடியது. எதிர்வீட்டில் தண்ணீர் ஊற்றி அடுப்பை அணைத்தார்கள். தாமலில் இருக்கும் ஆறுமுகத்தின் அக்காவுக்குச் சொல்ல ஒருவர் சைக்கிளில் கிளம்பியே விட்டார்.

வேறு வழியில்லை. அன்றே தனத்தைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில்தான் — அந்தக் காரைத் தொடக்கூட மாட்டேன் என்றுவிட்டார். கட்டிலருகே போனதும் புருஷன் முகத்தைக்கூடப் பார்க்காமல் போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டார்.

"சூடா இருக்குது" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை.

ஊர் திரும்பி நாகப்பனிடம் சாவியை வீசினேன்.

"வாரத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோதான் சார் அந்த வேல. மத்த நாள்ல அதுவும் காருதானே?" என்றார். அவர் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து எங்கே போவதென்றாலும் நடைதான்.

ரணம் ஆறவில்லை என்று ஆறுமுகத்தை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். முந்தாநாள் காலை என் வீட்டு டெலிபோன் அடித்தது. டிரங்க் கால். ஆறுமுகத்தின் தம்பி.

"அண்ணன் பூட்டாருங்கய்யா... காலைல அஞ்சு மணிக்கு. அண்ணிகிட்ட நீங்கதான் சொல்லணும்."

காரை எடுத்தேன். வழி நெடுக மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். சுற்றி வளைக்கக் கூடாது. 'போய்ட்டாரும்மா' என்று ஒரே வார்த்தை. அந்த அம்மாளுக்கு அந்த மரியாதையையாவது செய்ய வேண்டும்.

இந்தத் தடவை தெருவில் யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தார்.

"சொந்த வண்டி வந்துட்டுதாய்யா? அதப் பார்த்ததுந்தான் எனக்கு உசுரே வந்துச்சு. அவரு எப்படி இருக்காரு?"

வாயைத் திறந்தேன்.

"நல்லாத்தாம்மா இருக்காரு..."

நம்பிவிட்டார்.