மேஸ்திரியின் கண்

எனக்கும் எங்கள் வீட்டு மீனுக்கும் ஒரே வயது. நான் பிறந்த அன்று, அம்மாவுக்கு வெந்நீர் வைக்க பிளாஸ்க் வாங்கி வரச் சொல்லி அப்பாவைத் தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து கடைத்தெருவுக்கு அனுப்பினார்களாம். திரும்பி வந்தவர் கையில் பிளாஸ்க் இல்லை. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் இரண்டு தங்கமீன்கள் இருந்தன. அம்மா அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒன்று ஒரே வாரத்தில் செத்துவிட்டது. மற்றது அப்பாவின் மானத்தைக் காப்பாற்றவே பிறந்ததுபோல பத்து வருடத்துக்கும் மேல் எங்கள் கூடத்தில், அம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்துத் தொட்டியில் வாழ்ந்தது.

அதற்கு மேஸ்திரி என்று பெயர். காலையில் விளக்கைப் போட்டதும் தொட்டியின் நான்கு கண்ணாடிச் சுவர்களையும் ஒட்டி ஒரு சுற்று வரும். கட்டட வேலையில் குறை கண்டுபிடிக்க வந்ததுபோல ஒவ்வொரு மூலையிலும் நின்று பார்க்கும். எனக்கு ஒன்பது வயது என்பதால் அதையும் ஒரு குழந்தை என்றே நினைத்திருந்தேன். ஒன்பது வயதுத் தங்கமீன் கிழம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்போது நாங்கள் பாப்பாரப்பட்டியில் இருந்தோம். அப்பா நான் படித்த பள்ளிக்கூடத்தின் வேன் ஓட்டினார். ஓட்டுநர் மகள் என்பதால் முன் சீட் என்னுடையது. எதிரே வரும் பஸ்ஸின் போர்டை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும் என்று செய்கிறார் என நினைத்தேன். அதில் எனக்குப் பெருமை.

மேஸ்திரிக்கு ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டவள் நான். தீனியை வலப்பக்கம் போட்டால் அது இடப்பக்கம் வாயைத் திறந்து நின்றது. காலைச் சுற்றில் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு கண்களிலும் பாலாடை படிந்ததுபோல ஒரு வெண்மை.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பியது. ஏரியூரில் செல்போன் கடை வைத்திருந்த சித்தப்பா நான்கைந்து வீடியோ பார்த்துவிட்டு வந்து, "இது பூஞ்சைண்ணா, கண்டிப்பா பூஞ்சதான்" என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றினார். தண்ணீர் நீலமானது. மேஸ்திரி நீலமானது. அம்மா தைத்துக்கொண்டிருந்த யாருடைய வெள்ளை ஜாக்கெட்டோ அதுவும் நீலமானது. அத்தோடு சித்தப்பாவின் மருத்துவப் பணி முடிந்தது.

மீன் விற்கும் கடைக்காரரிடம் அப்பா போனில் கேட்டார். வயசான மீனுக்கு முழுத் தண்ணியையும் ஒரேயடியாக மாற்றினால் தாங்காது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால்வாசி மாற்றுங்கள், ஒகேனக்கல் குழாய்த் தண்ணியில் பிளீச்சிங் வாசம் போக ஒரு நாள் வாளியில் வையுங்கள், கொஞ்சம் கல்லுப்பு போடுங்கள் என்றார் அவர். அப்பா இதை மாதா கோயில் பூசைக்குப் போகிற ஒழுங்கோடு செய்தார். நான் உப்பைக் கரைத்தேன். இரண்டு வாரத்தில் மேலே இருந்த ஆடை கரைந்துபோனது. கண் தெளிந்துவிட்டது என்று நான் குதித்தேன்.

அப்பா கண்ணாடியில் முகத்தை ஒட்ட வைத்து வெகுநேரம் பார்த்தார். "உள்ள பாரு கண்ணு. முத்து மாதிரி ஒண்ணு தெரியுதா?"

தெரிந்தது. இரண்டு கண்ணுக்குள்ளும் ஒவ்வொரு வெள்ளை முத்து.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேஸ்திரியைப் பழைய பெயிண்ட் வாளியில் விட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டியை எடுக்கலாமே என்று அம்மா சொன்னதற்கு, பக்கம்தானே என்று அப்பா நடந்தார். அங்கே வாசலில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர் வாளியைக் காட்டி, "என்னாங்க, பாலா?" என்றார்.

"மீனுங்க. ஒடம்பு சரியில்ல."

"கொழம்பு வெக்கறதுக்கு டாக்டரு எதுக்குங்க?" என்றார் அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மீனுக்குத் தான் வைத்தியம் பார்த்ததே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, டார்ச்சை எடுத்து வாளிக்குமேல் குனிந்தார். ஒளியைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தார்.

"மேலாப்புல இருந்தது தண்ணி கெட்டதால வந்தது. அது போயிடுச்சு. இது உள்ள, லென்ஸ்லயே இருக்குது. கண்புரை. மனுசனுக்கு வர்ற மாதிரியேதாங்க."

"வலிக்குமாங்க?" என்றார் அப்பா.

"வலிக்காது. கொஞ்சங்கொஞ்சமா மங்கும். அதனால அதுக்கே தெரியாது."

"தெரியாதுன்னா... நல்லாப் பாக்கறோம்னே நெனச்சிக்கிட்டு இருக்குமா?"

"பழகின எடமில்லீங்களா, சமாளிச்சுக்கும். தொட்டியில கல்லு, செடி எதையும் எடம் மாத்தாதீங்க. தீனிய தெனமும் ஒரே மூலையில போடுங்க. போடறதுக்கு முன்னாடி கண்ணாடிய ரெண்டு தட்டு தட்டுங்க, வந்துரும்."

"எத்தினி நாளைக்குங்க சமாளிக்கும்?"

அப்பா விடாமல் கேட்டதில் டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அட, தொட்டிக்குள்ளதானேங்க சுத்துது. ரோட்டுலயா போவுது? பயப்படாதீங்க."

நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மேஸ்திரியின் கண்ணுக்கு மருந்து இல்லை என்ற வருத்தம் என்று எண்ணி, நான் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அன்று மத்தியானம் மேஸ்திரிக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று சோதிக்க ஒரு முறை கண்டுபிடித்தேன். கண்ணாடிக்கு வெளியே விரலை ஆட்ட வேண்டும். ஒட்ட வைத்து ஆட்டினால் திரும்பியது. ஒரு சாண் தள்ளி ஆட்டினால் திரும்பவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "எனக்கும் காட்டு பாக்கலாம்" என்றார்.

கூடத்தின் மறுகோடிக்குப் போய் மூன்று விரல்களைக் காட்டினேன். "ரெண்டு" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நான்கு காட்டினேன். "ஒண்ணு" என்றார். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார் என்று நினைத்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். பிறகு மற்றதை. தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மா மிதிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்தாள்.

மறுநாள் காலை அப்பா வேனை எடுக்காமல், என்னோடு நடந்தே பள்ளிக்கூடத்துக்கு வந்து, வேன் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். சாயங்காலம் வேனில் வேறொரு அண்ணன் உட்கார்ந்திருந்தார். முன் சீட்டில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்று என்னைப் பின்னால் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். அப்பா தொட்டியை இரண்டு தட்டுத் தட்டி, மூலையில் தீனி போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டாக்டரம்மா ஒரே மூலையில் தினமும் தீனி போடச் சொன்னாரல்லவா? வேலைக்குப் போனால் யார் போடுவது?

மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்: எங்கள் அப்பா மீனைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர்கூடச் சிரித்தார். வீட்டில் அழுதுகொண்டே, "மேஸ்திரிக்காகத்தானப்பா வேலைய உட்டீங்க?" என்று கேட்டேன்.

அப்பா என் தலையைத் தடவினார். "ஆமா கண்ணு. அதுக்குத்தான்."

அடுப்படியில் இருந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் நறுக்குகிறாள் என்று நினைத்தேன்.

சர்க்கரை இருந்ததால் அப்பாவுக்குப் புரை சீக்கிரமே முற்றிவிட்டிருந்தது. ஆறேழு மாதம் கழித்து ஒரு கண்ணிலும், மறு வருடம் அடுத்ததிலும் ஆபரேஷன் செய்தார்கள். அதற்குள் அவர் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் எடை போடும் வேலையில் சேர்ந்திருந்தார். பார்வை வந்தபிறகும் வேன் ஓட்டப் போகவில்லை. மேஸ்திரி கண் தெரியாமலேயே இன்னும் ஒன்றரை வருடம் அந்தத் தொட்டியைச் சுற்றியது.

நான் அந்த வருடம் முழுவதும் கோபமாகவே இருந்தேன். பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் வருவேன். தெருத்தெருவாக வேன் நின்று நின்று போகும். எல்.கே.ஜி. பிள்ளைகளை அம்மாக்கள் வந்து இறக்கிக்கொள்வார்கள். தினமும் எல்லோரும் அவரவர் வாசலில் பத்திரமாக இறங்கினார்கள். அதில் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.