எவரால்ட் வீட்டில் ஒரு ராக் ரெக்கார்டு

கிங்ஸ்டனில் நாங்கள் கூடும் சாராயக்கடையில் எவரால்ட் இருந்தால் வேறு எவனும் வாய் திறக்க முடியாது. பஸ் டெப்போவில் டயர் மாட்டுகிறவன், பேச்சு மட்டும் ஜட்ஜ் பேச்சு.

"எழுபதுகள்ல நம்ம ஊர்ல வந்த ரெகே பாட்டு ஆல்பம்தான்டா ஆல்பம். தாளத்துக்கு நடுவுல ஒரு மௌனம் விடுறான் பாரு, அதுலதான் உசுரே இருக்கு. ராக்குல மூச்சு விட எடமிருக்கா? ஒரே இரைச்சல்!"

ராக் பிடிக்கும் என்று சொன்ன பாவத்துக்கு லின்வாலைத் தினமும் வறுத்தெடுப்பான். கூட உட்கார்ந்து சிரிக்க நாங்கள் இருந்தோம்.

எவரால்ட் செத்த ஒன்பதாம் நாள், எங்கள் ஊர் வழக்கப்படி ரம்மும் டோமினோ ஆட்டமுமாக அவன் வீட்டில் கூடினோம். அவனுடைய ரெக்கார்டுகளைக் கிளறிக்கொண்டிருந்த லின்வால் திடீரென்று கூவினான். அத்தனை ரெகே ஆல்பங்களுக்கு நடுவில் ஒரே ஒரு ராக் ஆல்பம். ரெகேகூட அவ்வளவு தேயவில்லை. இது ஊசி ஓடி ஓடி வெளுத்தே போயிருந்தது.

"திருட்டுப் பய! வெளியில ரெகே, வீட்டுக்குள்ள ராக்கா?"

செத்த வீடு என்றும் பார்க்காமல் விழுந்து விழுந்து சிரித்தோம். பொரித்த மீனோடு வந்த அவன் மனைவி அயோனியிடம் லின்வால் அந்த ரெக்கார்டை ஆட்டிக் காட்டினான்.

"அக்கா, உண்மையச் சொல்லு. அண்ணனுக்கு இதுதானே உசுரு?"

அவள் மீனைக் கீழே வைத்தாள்.

"இல்ல தம்பி. அவரு உங்ககிட்ட சொன்னது பொய்யில்ல. என்னை அடிக்கறப்ப மட்டும்தான் இதைப் போடுவாரு. ரெகே போட்டா, அந்த மௌனத்துல நான் கத்தறது வெளியில கேட்டுடும்ல."