சூப்பர்வைசர் அக்கா பயந்த படம்

பேய்ப் படம் பார்த்துச் சிரிக்கிற ஆளாக நான் முதலில் கண்டது எங்கள் சூப்பர்வைசர் அக்காவைத்தான். திரையில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டதும் தியேட்டரே அலறியது. அக்கா மட்டும் பாப்கார்னை மென்றபடி விழுந்து விழுந்து சிரித்தார். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவு அவர் பொறுப்பு, நான் பில் போடுகிறவள். விடுமுறை நாளில் இருவரும் மதியக் காட்சிக்குப் போவோம். எனக்குப் பிடித்தவை வீட்டுக்குள்ளேயே நடக்கும் நிதானமான படங்கள். "சாப்புடுறாங்க, தூங்குறாங்க. இதுக்கு எதுக்குடி டிக்கெட்டு?" என்பார் அக்கா.

ஒருமுறை என் பிடிவாதத்துக்காக, எனக்குப் பிடித்த இயக்குநரின் படத்துக்கு வந்தார். அந்த இயக்குநர் பின்னணி இசையே வைக்கமாட்டார். கேமராவை ஓரிடத்தில் வைத்தால் அசைக்கவும் மாட்டார். இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி. சாப்பிட உட்கார்ந்த கணவன் ஒரு வாய் உண்டதும் நிறுத்திவிட்டுத் தட்டையே பார்க்கிறான். சமையலறை வாசலில் மனைவி நிற்கிறாள். மின்விசிறிச் சத்தம் மட்டும். எவ்வளவு இயல்பாக எடுத்திருக்கிறார் என்று நான் ரசித்துக்கொண்டிருந்தபோது, அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். திரையில் அவன் தட்டை மெல்லத் தள்ளினான், அவ்வளவுதான். அக்கா வீறிட்டு எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

பின்னாலேயே ஓடினேன். தியேட்டர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"பேய் வர்றதுக்கு முன்னாடி மியூசிக் போட்டுச் சொல்லிடுவான்டி. எங்க வீட்ல அதுகூட இல்ல. தட்டைத் தள்ளுற சத்தம்தான். அப்புறம் அடி."

கடையில் அத்தனை பேரையும் ஒரே பார்வையில் அடக்குகிறவர் அவர். வருடக்கணக்கில் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், எதுவும் தெரிந்ததில்லை.

அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஆட்டோவில் கூட்டிப்போய் விட்டேன். மறுநாள் கணவர் கடை வாசலுக்கே வந்து கத்தினார். அக்கா மாடியிலிருந்து இறங்கவில்லை. பிறகும் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை.

போன மாதம் பெசன்ட் நகர் கடற்கரையில் சந்தித்தபோது திடீரென்று கேட்டார், "அந்தப் படத்துல அவ கடைசில என்னடி ஆனா?"

"தெரியாதுக்கா. நானும்தான் உங்க பின்னாடி ஓடி வந்துட்டேனே."

"அதுக்கப்புறம்கூடப் பாக்கலியா?"

அந்த இயக்குநரின் மற்ற படங்களை இன்றும் தேடிப் பார்க்கிறேன். அந்த ஒன்றை மட்டும் போடத் துணிச்சல் வரவில்லை. சொன்னேன். அக்கா அலைகளின் பக்கம் திரும்பினார்.

"வெளிய வந்திருப்பாடி," என்றார்.