வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த மத்தியானம்

1973ஆம் ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறந்த திங்கட்கிழமை காலையில் என் தங்கை லூர்து வாந்தி எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். புதன்கிழமை வாசல் நிலையை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, "வயிறு வலிக்குது, நான் போகல" என்று அலறினாள். அவளுக்கு எட்டு வயது. போன ஆண்டு வரை ஒருநாள்கூடத் தவறாமல் பள்ளிக்குப் போனவள்.

அந்த மார்ச் மாதம்தான் எங்கள் அப்பா இறந்திருந்தார். காரைக்குடியில் லாரி மெக்கானிக். காலையில் நெஞ்சு வலி என்றவர், மருத்துவர் வருவதற்குள் போய்விட்டார். நான் அப்போது மதுரையில் லேப் டெக்னீஷியன் பயிற்சியில் இருந்தேன். தந்தி கிடைத்துப் பஸ் பிடித்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வெயில் காலம், பங்குச் சாமியார் மாலையில் வேறு ஊருக்குப் பூசைக்குப் போக வேண்டும் என்று மத்தியானமே அடக்கம் செய்துவிட்டார்கள். நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கசப்பு எனக்கு இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று, ஆண்டவர் செய்ததைச் சொல்ல எழுதும் இந்தச் சாட்சியில் பொய் எழுத எனக்கு மனமில்லை.

பயிற்சி முடிந்து காரைக்குடியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். லூர்துவை நானே சோதித்தேன். காரணம் தெரியாத நோயில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பூச்சி இல்லை. இரத்தசோகை இல்லை. சிறுநீரில் கோளாறு இல்லை. காசநோய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை. சுதந்திர தினத்தன்று, மிட்டாய் கொடுப்பார்கள் என்று தெரிந்தும், வலி இருந்தது. அம்மா கூடவே வருகிற இடம் எதுவானாலும் வலி இல்லை. அம்மா கிணற்றடிக்குப் போனால்கூட முந்தானையைப் பிடித்துக்கொண்டே போனாள்.

"நடிப்பு. வேறென்ன?" என்றார் பெரியப்பா. அப்பாவுக்குப் பின் எங்கள் வீட்டில் எல்லாம் அவர் சொல்தான். "தகப்பன் இல்லாத பிள்ளைன்னு செல்லங் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீக. நாளைக்குப் பாருங்க, நான் போக வைக்கிறேன்."

மறுநாள் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு வந்தார். அந்தக் காலத்தில் பள்ளிக்கு வராத பிள்ளையைத் தூக்கிவரப் பெரிய வகுப்புப் பிள்ளைகளை அனுப்புவது வழக்கம். எட்டாம் வகுப்பிலிருந்து நாலு பேர் வந்தார்கள். கையை இரண்டு பேர், காலை இரண்டு பேர். தெருவே நின்று சிரித்தது. "ஏ புள்ள, பல்லக்குல போறியாக்கும்!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. லூர்து சிரிப்பவர்களைப் பார்க்கவில்லை. தலை தொங்கியபடி அம்மாவையே பார்த்துக்கொண்டு போனாள். அந்த ஆண்டு எங்கள் வீட்டிலிருந்து நாலு பேர் தூக்கிப் போனது அது இரண்டாவது முறை.

அன்று இடைவேளையில் சுவர் ஏறிக் குதித்து ஓடி வந்துவிட்டாள். முழங்காலில் இரத்தம். அம்மா அடுப்படியில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் அழுதாள்.

அப்புறம் எல்லாரும் செபித்தார்கள். செபித்த விதத்தைச் சொல்கிறேன். மாலைச் செபமாலை முடிந்ததும் பெரியப்பா அவளை நடுவில் முழந்தாளிட வைத்து, "அடங்காத இந்தப் பிள்ளையை அடக்கியருளும் ஆண்டவரே" என்று உரக்கச் சொல்வார். நாங்கள் "ஆமென்" சொல்ல வேண்டும். அவளும் சொல்ல வேண்டும். பெரியம்மா எங்கோ போய் மந்திரித்த கயிறு வாங்கிவந்து கட்டினாள். அந்தோனியாருக்கு மொட்டை போடுவதாகப் பொருத்தனை நேர்ந்தார்கள். மொட்டையும் போட்டார்கள். மொட்டைத் தலையோடு அவளைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு போனார்கள். இம்முறை பள்ளிப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து கோயிலுக்குப் போய் அந்தோனியார் பீடத்துக்கு முன் நின்றேன். எனக்குச் செபம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "எனக்குத் தெரிந்த சோதனை எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். இவர்களோ அவளை அடக்கு என்று உம்மைக் கேட்கிறார்கள். நான் அதைக் கேட்க மாட்டேன். அவளுக்கு என்ன என்று எனக்குக் காட்டும்" என்றேன். மெழுகுவர்த்திகூட ஏற்றவில்லை. அவ்வளவுதான் என் செபம்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வந்தது. பிள்ளைகள் பயந்துகொள்ளும் என்று பெரியப்பா லூர்துவை வீட்டில் விட்டுவரச் சொன்னார். அம்மா செருப்பை மாட்டியதுமே அவள் காலைக் கட்டிக்கொண்டாள். பிரிக்க முடியவில்லை. "வரட்டும்" என்று நான்தான் தூக்கிக்கொண்டேன்.

அப்பாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அம்மா செவ்வந்திப் பூ வைத்தாள். லூர்து அழவில்லை. சிலுவையில் எழுதியிருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அக்கா, அப்பாவ இங்குட்டு எப்பக் கொண்டாந்தாக?"

"மத்தியானம்."

"சோத்து மணி அடிச்ச பெறகா?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையசைத்தாள்.

"அப்ப நான் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றாள் லூர்து. "சத்தமாச் சொன்னேன். டீச்சர் எல்லாரையும் கை தட்டச் சொன்னாக."

அன்று அவள் பள்ளியில் இருந்தாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அடக்கத்தில் அவளும் இருந்தாள் என்றே நினைத்திருந்தேன். காலையில் அப்பா தலை வாரிவிட்டு அனுப்பியிருக்கிறார். மாலையில் அவள் வந்தபோது வீடு கழுவிவிடப்பட்டு, கட்டில் கொல்லையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பிள்ளை பயந்துகொள்ளும், பள்ளியிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தவர் பெரியப்பா. நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். யாரும் மறுக்கவில்லை.

"நான் பள்ளிக்கூடம் போனா அம்மாவையும் இங்கன கொண்டாந்துருவீக" என்றாள் லூர்து. மெதுவாகத்தான் சொன்னாள். அம்மா அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தியாத்தா?" என்றார் பெரியப்பா என்னிடம். "இதுக்குத்தான் பிள்ளைகளக் கல்லறைக்குக் கூட்டியார வேணாம்னேன்."

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் எந்தக் கண்ணாடிச் சில்லிலும் தெரியாதது.

அன்றே அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். "வீட்டுல எது நடந்தாலும் மொத ஆளா உனக்குச் சொல்வேன். நானே வந்து கூட்டியாருவேன். நீ வர்ற வரைக்கும் யாரையும் தூக்க விட மாட்டேன்."

"மாதா மேல ஆணையா?"

"மாதா மேல ஆணையா."

தலைமையாசிரியையிடம் போனேன். "தகப்பனில்லாப் பிள்ளைக இங்க நெறைய இருக்கும்மா. எல்லாம் வாய மூடிக்கிட்டு வருதுக" என்றார். வகுப்பு ஆசிரியைதான் இரங்கினார். முதலில் அம்மா வகுப்பு வாசலில் உட்கார்ந்தாள். பிறகு வேப்பமரத்தடியில். பிறகு வெளிக் கேட்டில். அதன்பின் மத்தியானம் மட்டும் தூக்குவாளியோடு போய் முகம் காட்டிவிட்டு வந்தாள். லூர்து முதலில் இடைவேளை மணி வரை இருந்தாள், அப்புறம் சோத்து மணி வரை. கிறிஸ்மஸ் விடுமுறை முடிந்ததும் வாந்தி திரும்ப வந்தது. மறுபடி வேப்பமரத்தடியிலிருந்து தொடங்கினோம். "பள்ளிக்கூடத்துல தாயையும் சேத்துட்டாகளா?" என்று தெருவில் கேலி செய்தார்கள். அம்மா அப்படியும் தினமும் போனாள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பெரியப்பா பக்கவாதம் வந்து இறந்தார். பள்ளி நாள். அவருடைய மகன், எங்கள் அண்ணன், வாசலில் நின்று சொன்னார்: "பிள்ளைக எதுவும் வர வேணாம். பயந்துக்கும். அதுக பாட்டுக்குப் பள்ளிக்கூடத்துல இருக்கட்டும்."

அதுவரை அந்த வீட்டில் வாய் திறந்தறியாத என் அம்மா, "இல்லய்யா" என்றாள். பிறகு என்னிடம், "ஸ்டெல்லா, நீ போயி அவளக் கூட்டியா. அவ வந்த பெறகுதான் தூக்கணும்."

"என்ன சித்தி, எழவு வீட்டுல வந்து..."

"அவ வந்த பெறகுதான்யா."

வகுப்பு வாசலில் என்னைப் பார்த்ததும் லூர்து எழுந்துவிட்டாள்.

"அம்மாவா?"

"இல்ல. பெரியப்பா."

சிலேட்டைப் பைக்குள் வைத்தாள். வழியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "எடுத்துட்டாகளா?"

"இல்ல. நீ வரணும்னு வச்சிருக்காக."

நாலு பேரை விட்டுத் தன்னைத் தூக்கிப் போகச் சொன்ன மனிதரின் தலைமாட்டில் போய் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். அவர் கையைத் தொட்டாள். மற்றவர்களோடு கல்லறை வரை நடந்து வந்து ஒரு கைப்பிடி மண் போட்டாள். வீடு திரும்பும்போது அம்மாவிடம் சொன்னாள்: "நான் வந்தப்ப இருந்தாக."

மறுநாள் காலையில் தானே பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். மத்தியானம் தூக்குவாளியோடு வந்து நிற்க வேண்டாம் என்றும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அதன்பின் ஒருநாளும் அவளுக்கு வாந்தி வரவில்லை. இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கோயிலில் வாசகம் வாசிக்கிறாள்.

ஆண்டவருக்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். மெழுகுவர்த்தி ஏற்றாமல் கோபத்தோடு கேட்டவளுக்கும் அவர் பதில் தந்தார். கேட்ட ஒரு மாதத்துக்குள் தந்தார். அம்மாவுக்குப் பேச்சையும் தந்தார். இப்போது நான் தினமும் செபிக்கிறேன். முன்பு செபிப்பது கடமையாக இருந்தது.

ஆனால் இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். வேறு பள்ளியில் படித்த பெரியப்பாவின் பேரன்களை அன்று யாரும் கூப்பிடப் போகவில்லை. சாயங்காலம் அவர்கள் வந்தபோது வீடு கழுவிவிடப்பட்டிருந்தது. அதில் சின்னவனுக்கு இப்போது காலையில் வயிறு வலிக்கிறது. அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "உன் தங்கச்சி மாதிரி எம் புள்ளையும் பைத்தியம்கிறியா?" என்றார். கயிறு கட்டியிருக்கிறார்களாம்.

அவனுக்காக நீங்களும் செபியுங்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை நிலையைக் கட்டிக்கொண்டு நின்றால், அவனை அடக்கும்படி ஆண்டவரைக் கேட்காதீர்கள். அவனுக்கு என்ன என்று காட்டும்படி கேளுங்கள். நம்பிக் கேளுங்கள், காட்டுவார். கேட்டு எழுந்த கையோடு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். பதில் அங்கிருந்துதான் வரும்.