மணம் எட்டாத கடைசி வீடு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்து, துறைத்தலைவராக ஓய்வு பெற்றவன் நான். இராஜபாளையத்தில் எங்கள் குடியிருப்பின் நலச்சங்கத்துக்குப் போட்டியின்றித் தலைவரானேன். மேல்நிலைத் தொட்டி என் பொறுப்பில் இருந்தவரை ஒரு வீட்டிலும் வயிற்றுப்போக்கு வந்ததில்லை. இதை இன்றுவரை யாரும் மறுத்ததில்லை.

காரணம், நான் வகுத்த விதி. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்தபின் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் அதன் மணம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் இன்னொரு கிண்ணம். அளந்து பார்க்கும் கருவி எதற்கு, மூக்கு போதும் என்றேன்.

இரண்டாண்டுக்கு முந்தைய ஐப்பசியில் மழை விடவில்லை. மலையிலிருந்து இறங்கும் ஓடையின் கரையில் எங்கள் கிணறு. காட்டில் உதிர்ந்த இலைகள் மக்கிய இலைமக்கு கரைந்து, தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் ஏறியது. அந்த மக்கு குளோரினை விழுங்கியது. கடைசி வீட்டுக்கு மணம் எட்டவில்லை.

ஏழாம் மாதத்தில் பிறந்தகம் வந்திருந்த என் மகள், வெந்நீரில் குளித்துவிட்டுச் சிவந்த கண்களுடன் வந்தாள். எங்கள் வீடு தொட்டிக்கு அடுத்தது.

"மூச்சு முட்டுதுப்பா. தண்ணியில என்னத்தப் போடுதீக?"

"கிருமி சாகத்தான்."

"கிருமி செத்துரும். பொறவு?"

பொறவு என்ன என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். குளோரின் இலைமக்கோடு சேர்ந்தால் ட்ரைஹாலோமீத்தேன்கள் என்னும் நச்சுச் சேர்மங்கள் பிறக்கும், வெந்நீராவியிலும் கலக்கும். பல்லாண்டு அருந்துவோருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரலாம் என்ற ஐயம் உண்டு. கருவின் வளர்ச்சி குறித்தும் ஐயம் உண்டு, முடிவு இல்லை. கண்ணை எரித்தது குளோரின். நான் அஞ்சியதைக் கண்டறிய என் மூக்கு உதவாது.

தொட்டிக்காரரை அழைத்தேன்.

"ஒண்ணுக்கு மூணு கிண்ணம் போட்டேன் ஐயா. பொறவும் கடைசி வீட்டு அக்கா, 'வாசனையே இல்லையே, பவுடர உன் மூஞ்சிக்குப் பூசிக்கிட்டியா'ன்னு ஏசுதாக. நீங்க சொன்னதத்தான செஞ்சேன்?"

மதுரை ஆய்வகத்துக்குத் தண்ணீர் அனுப்பினேன். அந்தச் சேர்மங்கள் வரம்பை மீறியிருப்பதாக அறிக்கை வந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மகளுக்குக் குடிக்கவும் குளிக்கவும் வெளியிலிருந்து கேன் தண்ணீர் வரவழைத்தேன்.

மூன்றாம் நாள் காலை அவள் கேனைத் தொடவில்லை.

"எனக்கு மட்டும் எதுக்கு இது? எதிர்வீட்டு அக்காவும் முழுகாமத்தான இருக்கா. அவளுக்குச் சொல்லிட்டீகளா?"

அன்று மாலை சங்கத்தைக் கூட்டி அறிக்கையை வாசித்தேன். தொட்டியின் வண்டலை வாரினோம். கிணற்றருகே மணலும் கரியும் நிரப்பிய வடிகட்டி அமைந்தது. பவுடரின் அளவைச் சோதனைக் குப்பியின் நிறம் பார்த்து முடிவு செய்தோம்.

தை மாதம் பேரன் பிறந்தான், எடை சற்றுக் குறைவாக. காரணம் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். எதிர்வீட்டுக் குழந்தையின் எடையை நான் கேட்கவில்லை.

குளோரினே வேண்டாமென்று நான் சொன்னதாகத் தெருவில் பேசுகிறார்கள். தவறு. மக்கை வடித்தபின் அளந்து போடச் சொன்னேன். அறிக்கை வந்த அன்றே வாசித்ததாகச் சங்கத்தின் பாராட்டு மடலில் அச்சிட்டிருக்கிறார்கள். அதுவும் தவறு. மூன்றாம் நாள்தான் வாசித்தேன்.