ஏழு கிணறும் கண்ட தேர்மோஸ்டாட்

கப்பல் பழுதுபார்க்கும் டொக்யார்ட்டில் ஒன்பது வருடம் ஃபிட்டராக இருந்துவிட்டு, ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் சொந்தமாகக் கராஜ் போட்ட புதிது. டொக்யார்ட்டில் தொழில் படித்தவன் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. எழுபதுகளின் ஆரம்பம் அது. வெளிநாட்டுச் சாமான் இலேசில் கிடைக்காது.

ஒரு திங்கட்கிழமை கிண்ணியா அசனார் காக்கா வாடகைக்கு ஓட்டும் தமது பழைய ஹையர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். எங்கள் பக்கத்தில் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். மூன்று மைல் ஓடினால் ரேடியேட்டர் கொதிக்கிறதாம்.

"வெள்ளிக்கிழமை புல்மோட்டைக்குப் போய் மாப்பிள்ளையக் கூட்டி வரோணும், தம்பி. தங்கச்சிர மகள்ற கலியாணம். நடுவழியில நிண்டா என்ட மானம் போயிரும்."

ஹவுசிங்கைக் கழற்றினேன். கடற்காற்றில் துருப்பிடித்திருந்த ஸ்டட், அதைப் பிடித்திருக்கும் மரையாணி, ஒன்று முறிந்து கையோடு வந்தது. உள்ளே, சூடேறினால் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தேர்மோஸ்டாட்டே இல்லை. நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். பல கார்கள் அதையும் தாங்கும். இந்த எஞ்சினிலோ, அது இல்லாவிட்டால் சுடுநீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பக்கத்து பைபாஸ் குழாய் வழியே எஞ்சினுக்கே திரும்பிவிடும்.

புதன்கிழமை கொழும்பிலிருந்து பஸ்ஸில் தேர்மோஸ்டாட் வந்தது. சாமான் இருபத்திரண்டு ரூபாய், முறிந்த ஸ்டட்டைத் துளைத்தெடுக்க முப்பது என்றேன்.

"உள்ளங்கையளவு சாமானுக்கு இவ்வளவா?"

"சாமான் சின்னன்தான் காக்கா. ஸ்டட்தான் ஆளைத் தின்னுது. நம்பிக்கை இல்லாட்டி சுடுதண்ணியில போட்டுப் பாருங்கோ, தன்னால வாய் திறக்கும்."

எரிச்சலில் வந்த பேச்சு அது. அவரோ தேர்மோஸ்டாட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வியாழன் மத்தியானம், நான் ஸ்டட்டை எடுத்து முடித்து நிமிர்ந்தபோது திரும்பி வந்தார். நேராகக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருக்கிறார்.

"ஏழு கிணத்திலயும் நூல்ல கட்டி இறக்கினன், தம்பி. ஒண்டுலயும் வாய் திறக்கல்ல. இது பழுதுச் சாமான்."

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். போதாததற்கு, எதிர்த் தேத்தண்ணீர்க் கடையில் இருந்தவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தேன்.

"அது மனிசர் குளிக்கிற சூடு, காக்கா. இதுக்குத் தண்ணி கொதிக்கோணும்!"

கடைக்காரரிடம் சட்டி வாங்கித் தண்ணீரை அடுப்பில் வைத்தேன். எல்லோருக்கும் ஒரு பிரசங்கமும் வைத்து, தேர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஐந்து நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று. அது வாயைத் திறக்கவே இல்லை. என் வாயும் மூடிக்கொண்டது.

"கன்னியா பொய் சொல்லாது, தம்பி" என்றார் காக்கா. கடை முழுவதும் சிரித்தது.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. விடிந்தால் வெள்ளிக்கிழமை; இன்னொன்று வாங்க ஏலாது. வேப்பங்கட்டையைச் சீவி பைபாஸ் குழாய்க்குள் இறுக்கி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டேன். இனித் தண்ணீருக்கு ரேடியேட்டரை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. காக்காவை ஏற்றிக்கொண்டு, மூன்று மைலையும் தாண்டி நிலாவெளி வரை போய்த் திரும்பினேன். கொதிக்கவில்லை.

"இப்ப எவ்வளவு?" என்று கேட்டார்.

"ஸ்டட்டுக்கு முப்பது. மற்றது என்ட பிழை, நான் பாத்துக்கொள்றன்."

மறுநாள் மாப்பிள்ளை நேரத்துக்கு வந்து சேர்ந்தார். எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். புதுப் பெட்டியில் வந்த தேர்மோஸ்டாட் என்றாலும், பூட்டுமுன் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். இந்தக் கதையைக் கேட்பவர்கள் அசனார் காக்காவை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள். பிழையான தண்ணீர் என்றாலும் அந்த மனிதர் ஏழு தரம் சோதித்தார். டொக்யார்ட்டில் படித்த நான் அதை அவர் கையில் கொடுக்குமுன் ஒரு தரமும் சோதிக்கவில்லை.